ஆனைப்புழைக் கதவுக்கு ஐந்து பூட்டு

முன்னொரு காலத்தில் நடந்த கதை இது. எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள். பெரிய ராஜ்யங்கள் அடித்துக்கொள்வதும், நடுவில் கிடக்கும் சின்ன ராஜ்யங்கள் தூக்கம் கெட்டுத் தவிப்பதும் எந்தக் காலத்தில்தான் இல்லை?

மலைநாட்டில் குறும்பொறை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. தினை விளையும், தேன் கிடைக்கும், மிளகு காய்க்கும். ஊருக்கு ஊர் வாய்ச்சண்டை நடக்கும். ஆனால் அந்த ராஜ்யத்துக்குள் ஆனைப்புழை என்று ஒரு கணவாய் இருந்தது. வடக்கே தண்டகபுரிப் பேரரசு, தெற்கே ஆழியூர்ப் பேரரசு, இரண்டுக்கும் நடுவே நெடுக மலை. அந்த மலையில் யானையும் தேரும் போகக்கூடிய வழி ஆனைப்புழை ஒன்றுதான். அதன் குறுகலான இடத்தில் அரசரின் பாட்டனார் ஒரு கதவு வைத்திருந்தார். வேங்கை மரத்தில் இழைத்து, இரும்புப் பட்டை அடித்த கதவு. அந்தக் கதவின் சாவி அரசரின் தலைமாட்டிலேயே தொங்கும்.

அரசர் பெயர் வீரவேள். நல்ல மனிதர், குடிகள் மேல் பிரியம் உள்ளவர். ஒரு குறைதான் உண்டு. கோபம் வந்தால் வாய்க்கு வந்ததைக் கட்டளையாகச் சொல்லிவிடுவார். சொன்னதைத் திரும்பப் பெறுவது பாட்டனார் மீசைக்கே இழுக்கு என்று நினைப்பார். அதனால் காலையில் கோபத்தில் சொன்னதற்கு மாலையில் தனியாக உட்கார்ந்து வருந்துவது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

அவருடைய சபையில் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும். மந்திரி அனந்தராயர், தளபதி கச்சிராயர், விகடன் சேந்தன். மந்திரி மழை வரும் என்று சொன்னால் தளபதி உடனே குடையை மடக்கி வைப்பார். தளபதி வெயில் என்றால் மந்திரி போர்வையைத் தேடுவார். அப்படிப்பட்டவர்கள் இருவரும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றாக நின்றார்கள். சேந்தனைக் கண்டால் இருவருக்கும் ஆகாது. இத்தனை வருஷம் சேவகம் செய்த தங்களுக்கு இல்லாத சலுகையாக, அரசர் அவனுக்குச் சிம்மாசனத்தின் படியிலேயே இடம் கொடுத்திருந்தார். சபை களைத்துப்போகும் நேரத்தில் அரசரின் கண்கள் தேடுவதும் அவனைத்தான். அது அவர்கள் இருவருக்கும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

இப்படி இருக்கையில் தண்டகபுரிக்கும் ஆழியூருக்கும் போர் மூண்டது. முத்துக் குளிக்கும் துறை ஒன்று யாருக்குச் சொந்தம் என்பதில் ஆரம்பித்த தகராறு அது. முதலில் கடலில் அடித்துக்கொண்டார்கள். அப்புறம் மலை முடிகிற கிழக்குச் சமவெளியில் இறங்கி அடித்துக்கொண்டார்கள். வருஷங்கள் போயின, யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவும் இல்லை. முத்து எடுக்க வேண்டிய ஆட்களெல்லாம் படையில் சேர்ந்துவிட்டதால் அந்தத் துறையில் ஒருவரும் முத்து எடுக்கவில்லை.

சமவெளியில் சுனைநாடு என்று ஒரு சிறிய ராஜ்யம் இருந்தது. ஆழியூர்ப் படை வழி கேட்டபோது, போகிறவர்கள் போகட்டும் என்று அது வழி விட்டது. படை போகவில்லை. ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கிவிட்டது. தங்கிய படையை விரட்டத் தண்டகபுரிப் படை வந்தது. இரண்டு பக்கத்து யானைகளும் மாறி மாறி மிதித்ததில் ஏரிக்கரை உடைந்து, வயலெல்லாம் மணல் மேடாகிவிட்டது. சுனைநாட்டு அரசர் இப்போது எங்கோ ஒரு சத்திரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று உப்பு வியாபாரிகள் வந்து சொன்னார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து வீரவேளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் அடுத்தது யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சமவெளியில் இரண்டு படைகளும் முட்டி நிற்கும்போது, எதிரியின் முதுகுப் பக்கம் போய் இறங்க இருக்கிற வழி ஆனைப்புழைதானே? அவர் பயந்தபடியே ஒரு நாள் காலையில் தண்டகபுரித் தூதர் வந்து இறங்கினார். மத்தியானத்துக்குள் ஆழியூர்த் தூதரும் வந்துவிட்டார். ஒருவர் குதிரைகளைப் பரிசாகக் கொண்டுவந்தார், மற்றவர் பட்டுத் துணி கொண்டுவந்தார். ஆனால் இருவரும் பேசிய பேச்சு ஒரே அச்சில் வார்த்ததாக இருந்தது. குறும்பொறையின் பாதுகாப்பு இனித் தங்கள் மன்னரின் கவலை. அதற்குப் பதிலாக வேண்டியது ஆனைப்புழைச் சாவி மட்டும். சாவியை மற்றவருக்குக் கொடுத்தால் அதைப் பகையாகவே எடுத்துக்கொள்ள நேரும். பௌர்ணமிக்குள் பதில் வேண்டும்.

சபை கூடியது. அனந்தராயர் எழுந்து, தண்டகபுரியின் யானைப்படையைப் பற்றி ஒரு நாழிகை பேசினார். அவர்களோடு சேர்ந்தால் நம்மை ஒருவரும் தொட மாட்டார்கள் என்றார். கச்சிராயர் எழுந்து, ஆழியூரின் கப்பல்களைப் பற்றி அதைவிட அதிகமாகப் பேசினார். கப்பல் மலை ஏறி வந்து நம்மைக் காப்பாற்றுமா என்று மந்திரி கேட்டார். யானை நம் தினைப்புனத்தில் இறங்கினால் அது காவலா களவா என்று தளபதி கேட்டார். பேச்சு தடித்தது. இரண்டு பேர் சொல்வதிலும் அரைவாசி நியாயம் இருப்பதாக அரசருக்குப் பட்டது. அதுதான் அவரை இன்னும் வாட்டியது. வடக்கே சாய்ந்தால் தெற்கத்தியான் மிதிப்பான், தெற்கே சாய்ந்தால் வடக்கத்தியான் மிதிப்பான், சாயாமல் நின்றால் இருவரும் மிதிப்பார்கள். அவர் கண் முன்னால் சுனைநாட்டு வயல்களே நின்றன.

சேந்தன் சிம்மாசனத்துப் படியில் உட்கார்ந்து வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தான். நாடு பற்றி எரியும்போது உனக்கு வெற்றிலை கேட்கிறதா என்று அரசர் அவன் மேல் பாய்ந்தார்.

"இருவரும் சாவியைத்தானே கேட்கிறார்கள், அரசே" என்றான் சேந்தன். "கொடுத்துவிடலாமே, இருவருக்கும்."

சபை சிரித்தது. அரசருக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. அதைக் கவனித்துவிட்ட அனந்தராயர் மெல்ல எழுந்து, விகடர் சொல்வது பிரமாதமான யோசனை, அதை நிறைவேற்றும் பொறுப்பையும் அவரிடமே விடுவதுதான் முறை என்றார். அவர் சொன்னதற்குக் கச்சிராயர் தலையாட்டியதை அன்றுதான் சபை முதன்முதலாகப் பார்த்தது. அரசர் சிம்மாசனத்தை விட்டு எழுந்துவிட்டார்.

"அப்படியே ஆகட்டும். சேந்தா, ஆனைப்புழைச் சாவியை நீ இருவருக்கும் கொடுக்க வேண்டும். இருவரில் ஒருவரும் அது பொய்ச் சாவி என்று சொல்லக் கூடாது. ஆனால் இரண்டு படைகளிலிருந்தும் ஒரு வீரன், ஒரு குதிரை, ஒரு யானைகூட அந்தக் கதவைத் தாண்டக் கூடாது. இது என் கட்டளை."

தவறினால், என்று தளபதி பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். தவறினால் சேந்தனைக் கட்டி, கோபித்துக்கொள்ளும் ராஜ்யத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்று மந்திரி முடித்தார். ஒரு கோமாளி செய்த பிழை, அரசருக்கு அதில் சம்பந்தமில்லை என்று சொன்னால் நாடாவது தப்பிக்கும் அல்லவா? கோபத்தின் உச்சியில் இருந்த அரசர் அதற்கும் ஆம் என்று சொல்லிவிட்டார். சேந்தன் கிள்ளிய வெற்றிலையை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்து வணங்கினான்.

மாலையில் வழக்கம்போல அரசருக்கு வருத்தம் வந்தது. இந்த முறை அது சாதாரண வருத்தமாக இல்லை. சேந்தன் மேல் அவருக்கு உயிர். ராணி காலமான வருஷம், யாரோடும் பேசாமல் கிடந்த தம்மைப் பேசவைத்தவன் அவன்தான் என்பதை அவர் மறக்கவில்லை. எந்த ராஜ்யத்திடம் ஒப்படைத்தாலும் அவன் தலை தப்பாது. ஆளனுப்பி அவனை வரவழைத்து, வேண்டியது என்ன என்று கேட்டார். சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுங்கள் என்று அவன் கேட்கட்டும், கேட்டால் கொடுத்துவிடலாம் என்று அன்று அவர் மனசு தயாராகத்தான் இருந்தது. ஆனால் அவன் கேட்டது வேறு. மலையம்மன் கோயில் கொல்லர்கள் நான்கு பேர் வேண்டும். பௌர்ணமி வரைக்கும் கணவாய்க் கதவு தன் பொறுப்பில் இருக்க வேண்டும். பௌர்ணமியன்று காலை அரசரும் இரண்டு தூதர்களும் ஆனைப்புழைக்கு வர வேண்டும். அவ்வளவுதான்.

கொல்லர்கள் மலை ஏறினார்கள். சேந்தன் ஒரு கோவேறு கழுதையைப் பிடித்துக்கொண்டு தெற்குப் பக்கமாக இறங்கிப் போனான். ஓடிவிட்டான் என்று மந்திரி சபையில் சொன்னார். அவன் மருதவயல் பக்கம் போனதைத் தம் ஆட்களே பார்த்ததாகத் தளபதி சேர்த்துச் சொன்னார். மருதவயல் என்பது கணவாய்க்குத் தெற்கே அடிவாரத்தில் இருக்கும் நெல் விளையும் சிறிய ராஜ்யம். வருவான் என்று மட்டும் அரசர் பதில் சொன்னார். வராமல் இருந்தால் நல்லது, எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும் என்றும் அவருக்கு ஒரு பக்கம் தோன்றியது.

இதற்கிடையில் மந்திரியும் தளபதியும் சும்மா இருக்கவில்லை. அரசருக்கு இது பிற்பாடுதான் தெரியவந்தது. மந்திரி தண்டகபுரித் தூதரிடம் போய், விகடன் உங்களுக்குப் பொய்ச் சாவியைத் தரப்போகிறான், வாங்கியதும் திருப்பிப் பாருங்கள் என்று காதில் போட்டார். தளபதி ஆழியூர்த் தூதரிடம் போய் அதையே சொன்னார். அவன் கொடுப்பது மெய்யா பொய்யா என்பது கதவின் முன்னாலேயே வெளிப்பட்டு, சேந்தன் தப்ப வழியே இல்லாமல் போகட்டும் என்பது இருவரின் எண்ணம்.

பௌர்ணமி வந்தது. சேந்தனும் வந்துவிட்டான், முழங்கால் வரை புழுதியோடு. அவனோடு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் மருதவயல் அரசி நங்கையார். சொந்த வயலில் தாமே இறங்கி நாற்றுக் கட்டுகளை எண்ணிப் பார்க்கிற ராணி அவர். மற்றவர் கடலோரத்து உப்பங்கரை ராஜ்யத்தின் தலைவர், அதிகம் பேசாத மனிதர். இவர்கள் எதற்கு என்று அனந்தராயர் கேட்டதற்கு, கணவாயைப் பார்க்க வந்தவர்கள் என்று சேந்தன் சொல்லிவிட்டான்.

கதவின் மேல் பெரிய சமுக்காளம் ஒன்று மூடியிருந்தது. சேந்தன் முதலில் தண்டகபுரித் தூதரை அழைத்து, வெள்ளித் தட்டில் ஒரு சாவியை வைத்து நீட்டினான். தூதர் அதை எடுத்துக்கொண்டு, இது வேலை செய்கிறதா என்று இப்போதே பார்க்க வேண்டும் என்றார். தாராளமாக என்று சொல்லி, சேந்தன் சமுக்காளத்தின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பூட்டைக் காட்டினான். தூதர் சாவியைப் போட்டுத் திருப்பினார். உள்ளே தாழ் விலகிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மறுபடி திருப்பினார், தாழ் விழுந்தது. மெய்யான சாவிதான் என்று அவர் திருப்தியோடு தம் இடுப்பில் செருகிக்கொண்டார். அனந்தராயரின் முகம் சுண்டிவிட்டது.

ஆழியூர்த் தூதர் எழுந்து நின்று, இது எங்கள் மன்னருக்கு அவமானம் என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் சேந்தன் இன்னொரு தட்டோடு அவர் முன்னால் நின்றான். அவரும் சாவியைப் போட்டுத் திருப்பினார். தாழ் விலகியது, திரும்ப விழுந்தது. மெய்ச் சாவி. கச்சிராயர் முகமும் சுண்டிவிட்டது. இரண்டு தூதர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு அரசரைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் சேந்தன் சமுக்காளத்தை முழுவதுமாக இழுத்துக் கீழே போட்டான். ஆனைப்புழைக் கதவில் மேலிருந்து கீழாக ஐந்து பூட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித் தாழ், தனிச் சாவி. ஐந்து தாழும் விலகினால்தான் கதவு அசையும். ஒன்று தண்டகபுரிக்கு, ஒன்று ஆழியூருக்கு, ஒன்று மருதவயலுக்கு, ஒன்று உப்பங்கரைக்கு, ஒன்று குறும்பொறைக்கு. நங்கையார் தம் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியைக் காட்டினார். உப்பங்கரைத் தலைவர் கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியை வெளியே எடுத்துவிட்டார்.

அரசருக்கு ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. இது மலையம்மன் கோயில் பண்டாரக் கதவைப் பூட்டும் முறை. அந்தக் கோயில் நான்கு ஊர்களுக்குப் பொது. நான்கு ஊருக்கும் ஒன்றையொன்று கண்டால் ஆகாது. தேர் வடத்தை முதலில் யார் தொடுவது என்பதிலிருந்து பிரசாதத்தை முதலில் யார் வாங்குவது என்பது வரை எல்லாவற்றுக்கும் சண்டை. அதனால் அம்மன் நகைகள் இருக்கும் பண்டாரத்துக்கு நான்கு பூட்டுப் போட்டு, ஊருக்கு ஒரு சாவி கொடுத்துவிட்டார்கள். திருவிழாவன்று நான்கு ஊர்த் தலைவர்களும் முறைத்துக்கொண்டே வந்து நின்று ஆளுக்கு ஒரு பூட்டைத் திறப்பார்கள். யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை இல்லாததால், இத்தனை தலைமுறையில் அங்கே ஒரு குந்துமணித் தங்கம் குறைந்ததில்லை. வெளியூர் விருந்தாளிகள் வரும்போது இந்த வழக்கத்தைச் சொல்லவே வீரவேள் கூச்சப்படுவார். என்ன காட்டு ஜனங்கள் என்று நினைத்துவிடுவார்களே என்று பேச்சை மாற்றிவிடுவார். இன்று அந்தப் பண்டாரக் கதவு இரண்டு பேரரசுகளை மறித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு விம்மியது.

தண்டகபுரித் தூதர் சீறினார். "இந்தக் கதவை உடைத்துக்கொண்டு போக எங்கள் யானைகளுக்குத் தெரியாது என்று நினைத்தீரா?"

"யானையால் முடியாதது உண்டா, ஐயா. உடைக்கலாம்" என்றான் சேந்தன். "ஆனால் அதில் மூன்று பூட்டு எங்கள் மூன்று ராஜ்யங்களுடையது. அவற்றை உடைத்தால் அன்றைக்கே நாங்கள் மூவரும் ஆழியூர்ப் பக்கம் சேர்ந்துவிடுவோம் என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்திருக்கிறோம். மலை எங்களுடையது, சோறு மருதவயலுடையது, உப்பும் படகும் உப்பங்கரையுடையவை. இத்தனையையும் உங்கள் எதிரிக்குச் சீர்வரிசை கொடுத்து அனுப்பிய புண்ணியம் உங்களைச் சேரும்."

ஆழியூர்த் தூதரின் முகம் மலர்ந்தது. சேந்தன் அவர் பக்கம் திரும்பி, முதலில் உடைப்பவர் அவராக இருந்தால் இதே சீர்வரிசை அப்படியே தண்டகபுரிக்குப் போகும் என்றான். மலர்ந்த முகம் உடனே கூம்பிவிட்டது.

நங்கையார் இப்போது முன்னால் வந்தார். "எங்க வயல்ல நெல்லு பால் புடிச்சு நிக்குது, ஐயா. சுனைநாட்டு வயலை நான் போயி என் கண்ணால பாத்துட்டு வந்தேன். உங்க ரெண்டு பேரு சண்டையில நாங்க யாரையும் தடுக்கல, யாரையும் கூப்பிடவும் இல்ல. எங்க வாசல் வழியா வராதீங்கன்னுதான் சொல்றோம்."

ஆழியூர்த் தூதர் அரசர் பக்கம் திரும்பினார். "இது உங்கள் முடிவா, அரசே, அல்லது இந்த விகடனின் விளையாட்டா?" என்று கேட்டார். கேள்வி பணிவாகத்தான் இருந்தது. அதன் அர்த்தம் அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்தது. அரசரின் ஒரு காதில் மந்திரியும் மறு காதில் தளபதியும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். கோமாளி செய்த பிழை என்று சொல்லிவிடுங்கள், இவனைக் கட்டிக் கொடுத்துவிடலாம், சபையில் நீங்கள் ஒப்புக்கொண்டதுதானே என்றார்கள். சேந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எப்போதும் கிள்ளும் வெற்றிலைகூட அவன் கையில் இல்லாததை அரசர் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவன் பயந்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வீரவேள் இரண்டு பேரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "சாவியை இருவருக்கும் கொடு, படை மட்டும் தாண்டக் கூடாது என்று கட்டளையிட்டவன் நான். அவன் அதை எள்ளளவும் பிசகாமல் செய்திருக்கிறான். எங்கள் வீட்டுக் கதவை எப்படிப் பூட்டுவது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், தூதரே. இதில் குற்றம் ஏதாவது இருந்தால் அது என் பெயரில் இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அவர் சேந்தனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

தூதர்கள் இருவரும் கெட்டிக்காரர்கள். கோபம் கொஞ்சம் அடங்கியதும் யோசிக்க ஆரம்பித்தார்கள். தண்டகபுரிக்கு நெடுநாளாக இருந்த பயம், ஆழியூர்ப் படை இந்த வழியாக ஏறி வந்து முதுகில் குத்திவிடும் என்பது. ஆழியூருக்கு இருந்த பயமும் அதேதான். இப்போது தன் சாவி இல்லாமல் எதிரி வர முடியாது. ஊருக்குப் போய், எதிரி இனி அந்தப் பக்கம் வர மாட்டான், அதற்கான சாவி இதோ என்று மன்னரிடம் நீட்டலாம். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருவரும் தனித்தனியாக இதே முடிவுக்கு வந்து, தனித்தனியாக அரசரை வணங்கி, வேறு வேறு பாதையில் இறங்கிப் போனார்கள்.

அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் வீரவேள் சிரித்தார். நாள்கணக்காக அடைத்துக்கிடந்த சிரிப்பு அது. கணவாயின் இரண்டு பக்கமும் எதிரொலித்தது. நம் ராஜ்யத்தின் சாவியை இனி நீயே வைத்துக்கொள், இதைவிடப் பெரிய பரிசு என்னிடம் இல்லை என்று சேந்தனிடம் நீட்டினார்.

சேந்தன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பக் கொடுத்துவிட்டான். "என்னிடம் இருந்தால் எங்காவது தொலைத்துவிடுவேன், அரசே. ஒரு பெட்டியில் வைத்து இரண்டு பூட்டுப் போடுங்கள். ஒரு சாவி மந்திரியிடம் இருக்கட்டும், மற்றது தளபதியிடம் இருக்கட்டும். அவர்கள் ஒன்றுசேர்வது என்னைத் திட்டுவதற்கு மட்டும்தான். அதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை."

அரசருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அனந்தராயரும் கச்சிராயரும் வேறு வழியில்லாமல் ஆளுக்கு ஒரு சாவியை வாங்கிக்கொண்டார்கள். பெட்டியைக் கதவுக்கு அருகிலிருந்த காவல் மண்டபத்திலேயே பதித்தும்விட்டார்கள்.

அதன் பிறகு கணவாய்க் கதவு மூடியே கிடந்தது. பக்கத்தில் இருந்த திட்டிவாசல் வழியாக, குனிந்து ஒவ்வொருவராக நுழையும் உப்பு வியாபாரிகளும் தேன்காரர்களும் மட்டும் போய்வந்தார்கள். அந்த வருஷம் மருதவயலில் நெல் அமோகமாக விளைந்தது. விஷயம் காற்றுவாக்கில் பரவி, குறும்பொறை எங்கே இருக்கிறது என்றே தெரியாத தூரத்துச் சிறு ராஜ்யங்களெல்லாம் தங்கள் பாலத்துக்கும் துறைமுகத்துக்கும் கூட்டுப் பூட்டு வேண்டும் என்று ஆளனுப்பின. மலையம்மன் கோயில் கொல்லர்கள் பல்லக்கில் போய்வந்தார்கள். காட்டு ஜனங்களின் வழக்கத்தை இப்போது வீரவேள் விருந்தாளிகளிடம் தாமாகவே, கேட்காமலே, இரண்டு தடவை சொல்ல ஆரம்பித்தார்.

முதுகுப் பக்கம் போக வழியில்லாமல் நேருக்கு நேராகவே முட்டி முட்டி இரண்டு பேரரசுகளும் ஒரு நாள் களைத்துப்போயின. முத்துத்துறையைப் பங்கு போட்டுக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்கள். வியாபார வண்டிகள் போக வேண்டும், கணவாயைத் திறப்போம் என்று இரண்டு பேரும் சேர்ந்தே செய்தி அனுப்பினார்கள். அதே இரண்டு தூதர்கள், இந்த முறை ஒரே பாதையில் பேசிக்கொண்டே ஏறி வந்தார்கள். தண்டகபுரிப் பூட்டு திறந்தது, ஆழியூர்ப் பூட்டு திறந்தது. நங்கையார் திறந்தார், உப்பங்கரைத் தலைவர் திறந்தார். மிச்சம் இருந்தது குறும்பொறைப் பூட்டு ஒன்றுதான்.

காவல் மண்டபத்தில் மந்திரியும் தளபதியும் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். பெட்டி திறக்கவில்லை. பதவியில் மூத்தவன் நான், முதல் பூட்டை நான்தான் திறப்பேன் என்றார் மந்திரி. கணவாய் படைத்துறையைச் சேர்ந்தது, முதல் மரியாதை எனக்குத்தான் என்றார் தளபதி. வெயில் ஏறியது. வண்டிமாடுகள் நுகத்தடியோடு படுத்துவிட்டன. இத்தனை வருஷம் அடித்துக்கொண்ட இரண்டு பேரரசுகளின் தூதர்களும் ஒரே பனையோலைக் குடைக்குள் நின்று, இவர்கள் எப்போது சமாதானம் ஆவார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

கடைசியில் சேந்தன் வந்தான். எல்லோரும் தயவுசெய்து அந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். யார் முதலில் திறந்தார் என்பதை யாரும் பார்க்காவிட்டால் யாருக்கும் குறை இல்லை அல்லவா என்றான். அரசர் திரும்பினார், அரசி திரும்பினார், இரண்டு தூதர்களும் முதுகைக் காட்டி நின்றார்கள். பிறகு க்ளிக், க்ளிக் என்று இரண்டு சத்தம் கேட்டது. பெட்டியிலிருந்த சாவியால் ஐந்தாவது பூட்டும் திறந்து, ஆனைப்புழைக் கதவு முனகிக்கொண்டே விலகியது.

வீரவேள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றிச் சேந்தனுக்குப் போட்டார். திறந்த கதவுக்குள் முதலில் யார் போவது என்று தண்டகபுரித் தூதரும் ஆழியூர்த் தூதரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்பதை அவர் கவனித்தார். அந்த மரியாதை யாருக்கு என்பதைக் கோபமே இல்லாமல் அன்று அவர் கட்டளையாகச் சொன்னார். இரண்டு பேரரசுகளின் தூதர்களும் மூன்று சிறிய ராஜ்யங்களின் தலைவர்களும் பின்னால் வர, குறும்பொறையின் விகடன் வெற்றிலையை மென்றுகொண்டு முன்னால் நடந்தான்.